யுகேந்திரன் தூக்கி வந்த பை

சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு மலை ஏறுகிறவனை நான் நம்ப மாட்டேன். கார் வாங்க வழியில்லாதவன் என்றால் சரி. இவர்கள் எல்லாரிடமும் கார் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் என் மகன் திருச்செல்வத்தின் ஃபிளாட்டுக்குக் கீழே அன்று காலை நான்கு சைக்கிள்கள் நின்றன. முன்னால், பின்னால், நடுக்கம்பியில் எல்லாம் பைகள். ஒருவரிடம் கூடாரம், ஒருவரிடம் அடுப்பு, ஒருவரிடம் டயர் ஒட்டுகிற சாமான் என்று பங்கு போட்டு வைத்திருந்தார்கள். ஃபிரேசர் மலைக்குப் போகிறார்களாம். நடுவில் ஆற்றோரம் படுத்துத் தூங்குவார்களாம். ஏன், வீட்டில் கட்டில் இல்லையா?

திருச்செல்வத்துக்கு நாற்பத்தாறு வயது. போன தீபாவளி முடிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியில் கேட்டால் கேஸ்டிரிக் என்று சொல்லச் சொன்னது நான்தான். அவன் மகள் ஷாமினிக்குக் காஜாங்கில் ஒரு குடும்பத்தோடு கல்யாணப் பேச்சு நடக்கிறது. இருதய நோய் என்று தெரிந்தால் பரம்பரை வியாதி என்பார்கள், வேறு வீடு பார்க்கப் போய்விடுவார்கள். ஒருவரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

அப்படிப்பட்டவனை மலைக்கு இழுத்துப் போகிற இந்த மூன்று பேர் யார்?

"ஆபீஸ் கூட்டாளிங்கப்பா" என்றான்.

அதையும் நான் நம்பவில்லை. மொட்டைத்தலை யுகேந்திரன் கையைப் பார்த்தால் ஒர்க்‌ஷாப் கை. ஜாபர் அலிக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை. ரோகிணி பள்ளிக்கூட டீச்சர். இது எந்த ஊர் ஆபீஸ்?

அதனால்தான் கிள்ளானிலிருந்து விடியுமுன்னே என் பழைய கப்சாய் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"அப்பா, நீங்க எதுக்குப்பா பின்னாடி வர்றீங்க? மானம் போவுது."

"ரோடு என்ன உங்கப்பன் வீட்டு ரோடா?"

யுகேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தான். "அங்கிள், அவன் அப்பன் நீங்கதானே லா!"

சிரித்துப் பேசுகிறவனிடம் எனக்கு இன்னும் ஜாக்கிரதை வரும்.

பத்துமலை தாண்டி, உலு யாம் வழியாக கோலகுபு பாருவுக்குப் போகிற வரைக்கும் அவர்களுக்குப் பின்னாலேயே மோட்டாரை உருட்டினேன். என் மகனுக்கு முதுகு ஒட்டினாற்போல ஜாபர் அலி. அவனுக்கு வேகமாக மிதிக்கத் தெரியாமல் இல்லை. ஆனாலும் என் மகனைத் தாண்ட மாட்டேன் என்கிறான். கண்ணும் என் மகன் மேலேதான். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை எல்லாரும் நிற்பார்கள். கையில் கட்டின கடிகாரத்தைப் பார்ப்பார்கள். குசுகுசு என்று பேசுவார்கள்.

"உனக்கு எவ்ளோ?"

"நூத்தி நாப்பது."

"ஜாஸ்தி லா. கொஞ்சம் கொறை."

நான் கிட்டே போனால் பேச்சு மழையைப் பற்றி மாறிவிடும்.

கோலகுபு பாருவில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அத்தனை தூரம் மிதித்தவர்கள் நெய் ரொட்டியும் ஆட்டுக் குழம்பும் அல்லவா கேட்க வேண்டும்? எண்ணெய் ஊற்றாத தோசை கேட்டார்கள், சீனி இல்லாத தேத்தண்ணி கேட்டார்கள், நாலு பேரும் ஒன்று சொன்னாற்போல.

கடைக்காரி மாரியாயி முகத்தைச் சுளித்தாள். "எண்ணெ இல்லாம தோசைய எப்படிண்ணே கல்லுலருந்து எடுக்கறது? சொரண்டித் தரட்டா?"

"சொரண்டியே குடுங்கக்கா" என்றான் யுகேந்திரன்.

எனக்கு இரண்டு நெய் ரொட்டி வந்தது. நான் சாப்பிடுவதை நாலு பேரும் பார்த்த பார்வை நல்ல பார்வையாக இல்லை.

அப்போதுதான் அந்தப் பையைக் கவனித்தேன். நீல நிறம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. யுகேந்திரன் கடைக்காரியிடம் ஐஸ் வாங்கி, பிளாஸ்டிக்கில் கட்டி அதற்குள் வைத்தான்.

"அது என்னாது?" என்று கேட்டேன்.

"சாக்லேட்டு அங்கிள்."

சீனி போடாத தேத்தண்ணி குடிக்கிறவன் ஐஸ் வைத்துச் சாக்லேட்டைக் காப்பாற்றுகிறானாம்.

அணைக்கட்டு தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. வெயில். போகப்போக திருச்செல்வத்தின் சைக்கிள் ஆடியது. ஒரு வளைவில் இறங்கி ரோட்டோரத் தடுப்பில் உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் வியர்வை, வாய் திறந்திருக்கிறது. நான் மோட்டாரை நிறுத்தி ஓடுவதற்குள் ஜாபர் அலி அவனைப் பிடித்துக்கொண்டான். யுகேந்திரன் நீலப் பையைத் திறந்து, சீட்டு ஒட்டாத ஒரு பழுப்புக் குப்பியை எடுத்து, குட்டி மாத்திரை ஒன்றை என் மகன் நாக்குக்கு அடியில் வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் திருச்செல்வம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணும் இல்லப்பா. களைப்பு."

அவனுடைய ஆஸ்பத்திரி மாத்திரைகளை எனக்குத் தெரியும். பெயர் எழுதின பிளாஸ்டிக் பாக்கெட்டில் இருக்கும். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நானே எண்ணிப் பார்ப்பேன். இது அது இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டின காலத்தில் இந்தக் கூத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். தூக்கம் வராமல் இருக்க டிரைவர்கள் பில் குடா என்கிற போதை மாத்திரை போடுவார்கள். செத்த மாதிரி கிடந்தவன் எழுந்து ராத்திரி முழுக்க ஓட்டுவான். அதில் ஒருத்தன் ஸ்டீரிங்கிலேயே நெஞ்சு நின்று போனான். அவனுக்கு இருதயத்தில் ஒரு கோளாறும் கிடையாது. என் மகனுக்கு இருக்கிறது.

வெயில் தாழட்டும் என்று ஆற்றோரம் இறங்கினார்கள். மறுபடி இப்படி ஆனால் மலையிலிருந்து இறங்கிவிடுவதென்று யுகேந்திரன் சொல்ல, ஆகாது என்று திருச்செல்வம் சொல்ல, அவர்களுக்குள் பேச்சு. காலை நனைக்கத் தண்ணீருக்குப் போனார்கள். சைக்கிள்கள் மரத்தில் சாய்ந்திருந்தன.

நான் யோசிக்கவில்லை. யுகேந்திரன் சைக்கிளிலிருந்து நீலப் பையை உருவினேன், பாறைமேல் ஏறி நடு ஆற்றில் வீசினேன். முந்தின நாள் மழைத் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவை நீலமாகத் தெரிந்தது, பிறகு இல்லை.

திரும்பி வந்த யுகேந்திரன் சைக்கிளைத் தடவினான். எல்லாப் பையையும் கொட்டினான்.

"யாராச்சும் மருந்துப் பைய எடுத்தீங்களா?"

"நான்தான் எடுத்தேன். ஆத்துல போட்டுட்டேன்" என்றேன். "போலீசுக்குப் போவலன்னு சந்தோஷப்படு. என் மகனுக்கு பில் குடா குடுக்கறியா? நான் லோரிக்காரன்டா, எங்கிட்டயேவா?"

ஜாபர் அலி அப்படியே மணலில் உட்கார்ந்தான். ரோகிணி சட்டைக் கழுத்தைக் கொஞ்சம் இறக்கினாள். தொண்டைக்குழிக்குக் கீழிருந்து நேர்க்கோடாக ஒரு தழும்பு போனது.

"எனக்கு வால்வு அங்கிள். ஜாபர் அண்ணனுக்கு பைபாஸ். யுகேனுக்கு உங்க மகன் மாதிரிதான், ரெண்டு ஸ்டென்ட்."

"ஆபீஸ் கூட்டாளி இல்லப்பா" என்றான் திருச்செல்வம். "ஆஸ்பத்திரியில உடற்பயிற்சி வகுப்புல ஒண்ணா இருந்தவங்க. அது நெஞ்சு வலிக்கு ஒடனே போடற மாத்திர. டாக்டர் குடுத்தது, ஐஸ் ஈரத்துல சீட்டு உரிஞ்சிடுச்சு. வெயில்ல கெட்டுடும்னு எல்லார்தையும் ஒரே பையில ஐஸ் வச்சு யுகேன் தூக்கினு வந்தான். வழியெல்லாம் கடிகாரத்துல பாத்தது நாடித் துடிப்பப்பா."

"இத ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? ஒருத்தன்கிட்டயும் வாய் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நீங்கதானே? இவங்ககிட்ட சொல்லிட்டேன்னு தெரிஞ்சா என்னா பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும்."

தெரியும்தான். எனக்கும் தெரியும்.

யுகேந்திரன் கொட்டின சாமான்களை மறுபடி சைக்கிளில் கட்டினான். "மருந்து இல்லாம ஒரு அடி மேல போவக் கூடாது. இங்க போன் லைனும் இல்ல. இப்பவே எறங்கணும், மெதுவா."

"ஒரு மாசமாப் பழகினோம் லா இந்த மலைக்கு" என்றான் என் மகன். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் போட்டான். பிறகு என் பக்கம் திரும்பினான். "இப்ப சந்தோஷமாப்பா?"

"நீ கீழ வர்ற இல்ல? அது போதும்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் காலையில் ஒரு நோயாளிக்குப் பின்னால் வந்தவன் நான். இப்போது நாலு பேர். கீழே ஊர் போய்ச் சேருகிறவரைக்கும் இவர்களில் யார் நெஞ்சைப் பிடித்தாலும் வைக்க ஒரு மாத்திரை இல்லை.

"அடுத்த தடவ அங்கிள் வரக் கூடாது" என்றான் யுகேந்திரன்.

"வரட்டும். கைய மட்டும் கட்டிப்புடுவோம்" என்றாள் ரோகிணி.

வளைவுகளில் எதிரே லோரி வரும் என்று ஜாபர் அலி என்னை முன்னால் போகச் சொன்னான். ஹாரன் அடித்துக்கொண்டே போக வேண்டுமாம். முதுகுக்குப் பின்னால் ஆளை விட்டுவிட்டு நான் எங்கேயும் போனதில்லை. அன்றைக்குப் போனேன். ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அழுத்திவிட்டு, உடம்பைத் திருப்பி, கடைசி சைக்கிள் கண்ணில் படுகிறவரைக்கும் பார்த்தேன்.

"அப்பா, ரோட்டப் பாருங்கப்பா!" என்று கத்தினான் திருச்செல்வம்.

கத்துகிற அளவுக்கு மூச்சு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் திரும்பிப் பார்த்தேன்.