பாதி மூடிய துளை

செத்துப்போன புருஷனின் விரல்களைப் பாவாயி ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். உடம்பைக் குளிப்பாட்டியது ஆண்கள். விரல்களை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நாயனத்தின் துளைகளை மூடி மூடி நுனியெல்லாம் தட்டையாகிப்போன விரல்கள். துடைத்து முடித்ததும் இரண்டு கட்டை விரலையும் சேர்த்துக் கட்டிக் கைகளை மார்பின் மேல் வைத்தார்கள். வாசலுக்கு அப்பால் காப்பிச் செடிகளே தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கியிருந்தது.

"எடுத்துரலாமுங்களா அண்ணி? மத்தியானத்துக்கு மழ வந்துருமுங்க" என்றான் பொன்னுவேல், செத்தவனின் தம்பி. அவன் கையில் அண்ணனின் நாயனம். அதன் முனையில் செருகி ஊதும் சீவாளியை வாயில் போட்டு எச்சிலில் ஊறவைத்திருந்ததால் பேச்சு குழறியது.

பாவாயி அந்த நாயனத்தைப் பார்த்தாள். இவன் ஊதினால் தப்பாகத்தான் ஊதுவான். அது இந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

அவர்கள் ஊர் செம்மநத்தத்தில் பாடை தூக்கும்போது ஊதுவதற்கென்று ஒரு பாட்டு உண்டு. வார்த்தை கிடையாது, வெறும் நாயனம்தான். அவளுடைய மாமனார் சித்தன் உண்டாக்கியது. முழுசாகக் கேட்டால்தான் போகிறவர்கள் போய்ச் சேருவார்கள், ஓரிடம் பிசகினாலும் பாதி வழியில் நின்றுவிடுவார்கள் என்று சித்தன் சொல்வார். பாட்டை மூத்த மகன் ஐயாக்கண்ணுவுக்கு, இப்போது செத்துக்கிடப்பவனுக்கு, சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் நடுவில் ஓரிடம் மகனுக்குக் கடைசிவரை படியவில்லை.

சித்தனுக்கு இடக்கை மோதிர விரல் பாதிதான் இருந்தது. எஸ்டேட்டில் காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் மிஷின் மீதியைத் தின்றுவிட்டது.

"அரை வெரல வெச்சுக்கிட்டு எங்கய்யன் அப்பிடி ஊதுச்சு. எனக்கு முழு வெரல் இருந்தும் வரமாட்டேங்குதே புள்ள" என்று ஐயாக்கண்ணு மாய்ந்துபோவான்.

பழகிப் பார்க்கவும் வழியில்லை. சாவுப் பாட்டை வீட்டில் ஊதக்கூடாது. ஒருதரம் ஓடைப் பக்கம் போய்ச் சன்னமாக ஊதிப் பார்த்தான். திரும்பி வருவதற்குள் பாதி ஊர் களை எடுப்பதை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றது. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் மாரடித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அதற்குப் பிறகு பாவாயியின் முன்கைதான் அவனுக்கு நாயனம். சாப்பிட்டு முடித்ததும் அடுப்போரம் உட்கார்ந்து அவள் கையை இழுத்து வைத்துக்கொள்வான். சத்தமில்லாமல் விரல்கள் ஓடும். அப்பன் ஊதியது அவன் காதுக்குள் கேட்குமாம். அந்த இடம் வந்ததும் விரல் தயங்கும், பிறகு துளையை நன்றாக அழுத்தி மூடும். "இல்ல" என்பான். மறுபடியும் முதலிலிருந்து. அவளுக்கு ராகம், தாளம் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டு அவள் தோலுக்கு மனப்பாடம். தம்பிக்கும் ஐயாக்கண்ணுதான் கற்றுக்கொடுத்தான், அந்தப் பிசகையும் சேர்த்து.

ஊர் எதையும் கண்டுகொள்ளவில்லை. அவன்தான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான். தான் ஊதி அனுப்பிய ஒருவரும் போய்ச் சேரவில்லை என்றே நம்பினான். மஞ்சு இறங்கும் நாட்களில் இடுகாட்டுப் பாதைப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டான். அவன் ஊதி அனுப்பியவர்களில் அவர்களுடைய மகள் சின்னத்தாயியும் ஒருத்தி. காய்ச்சலில் போனது. அந்தப் பாதையில் நடந்தால் காப்பிச் செடியின் அடிக்கிளையை ஆட்டி, கொட்டுகிற தண்ணீரைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை. மேல்கிளை அதற்கு எட்டாது.

நோயில் படுத்துக் கிடையில் விழுந்த பிறகு ஒருநாள் சொன்னான். "பாப்பா இன்னும் அங்கயேதான் நிக்குது பாவாயி. எல்லாருந்தான் நிக்கறாங்க. நானும் போயி அங்கதான் நிக்கோணும்."

பாவாயி நிமிர்ந்து பொன்னுவேலைப் பார்த்தாள். "சித்த இருங்க தம்பி" என்றாள்.

வெள்ளையம்மாள் ஒப்பாரியை இன்னும் கொஞ்சம் உரக்க இழுத்தாள். பாவாயி பாடையை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முன்கையில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று நினைத்துத் தட்டக் கையை ஓங்கியவள் அப்படியே நிறுத்தினாள். எறும்பில்லை. ஒரு விரல் பதிந்தது, பிறகு இன்னொன்று. பாட்டின் தொடக்கம். அவள் புருஷனைப் பார்த்தாள். கட்டிய கட்டை விரல்கள் கட்டியபடியே இருந்தன.

விரல்கள் வழக்கம்போல ஓடி, அந்த இடத்துக்கு வந்து தயங்கி, அழுத்தி மூடின. நின்றன. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தன. செத்தும் விடவில்லையே இந்த மனுஷன் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

இந்த முறை அந்த இடம் வந்தபோது, அவன் விரலின் மேல் இன்னொரு விரலின் கனம் ஏறியது. அது அவனுடையதில்லை. அவன் விரலை மெதுவாக விலக்கிவிட்டு, தானே அவள் தோலில் இறங்கிக் காட்டியது. அதற்கு நுனி இல்லை. நகம் இல்லை. மொண்ணையாக, பாதி இடத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது.

பயத்தில் பாவாயிக்குப் பல் கிட்டியது. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மாமனாருக்கு இருந்தது அரை விரல். அவர் ஊதியபோது அந்தத் துளை பாதிதான் மூடியிருக்கும். அந்தப் பாதிதான் பாட்டு. அய்யனுக்கு இருந்தது ஊனம் என்று நினைத்து, முழு விரலால் அதைச் சரிசெய்து சரிசெய்தே மகன் ஆயுசு பூராவும் கெடுத்திருக்கிறான்.

"தம்பி, கையக் குடுங்க" என்றாள்.

பொன்னுவேல் கூட்டத்தைப் பார்த்துக் கூசினான். வெள்ளையம்மாளின் ஒப்பாரி பாதியில் நின்றது. பாவாயி எதையும் சட்டை செய்யவில்லை. கொழுந்தனின் முன்கையைப் பிடித்து அதன்மேல் விரல்களை ஓட்டினாள். அவன் கண்கள் விரிந்தன.

"இது உங்களுக்கு எப்பிடிங்கண்ணி தெரியும்?"

"அது கெடக்குது. இந்த எடத்துல இந்த வெரலப் பூராவும் வெக்காதீங்க. பாதி வெச்சாப் போதும். உங்கய்யனுக்கு இருந்ததே அவ்வளவுதான்."

பொன்னுவேல் தன் மோதிர விரலையே கொஞ்ச நேரம் பார்த்தான். "ஆருங்க சொன்னாங்க?"

அவள் அவன் கையை விட்டாள். "ஊதுங்க சாமி. மழ வந்துரும்" என்றாள்.

பாடையைத் தூக்கினார்கள். நாயனம் எழுந்தது. அந்த இடம் வந்ததும் பொன்னுவேல் கண்ணை மூடிக்கொண்டு விரலைப் பின்னுக்கு இழுத்து வைத்தான். அழுகை வருமுன் தொண்டை அடைத்துக்கொள்ளுமே, அப்படி ஒரு சத்தம் வந்தது. சித்தன் காலத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

பெண்கள் காப்பி காயப்போடும் களத்து மேட்டோடு நின்றுகொண்டார்கள். அதற்கு மேல் இடுகாட்டுப் பாதை குறுகலானது. இரண்டு பக்கமும் காப்பிச் செடிகள். போகிறவர்களின் தோள் பட்டு இலைகளிலிருந்து தண்ணீர் கொட்டியது. எல்லாருக்கும் கடைசியாகக் குழிவெட்டி அங்கப்பன் மண்வெட்டியோடு மஞ்சுக்குள் மறைந்தான்.

செடிகள் அசைவது அதோடு நிற்கவில்லை. காற்றே இல்லை. ஆனாலும் பாதையின் இரண்டு பக்கமும் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கி ஒதுங்கித் திரும்பின. ஒரு கூட்டம் உரசிக்கொண்டு போவதுபோல் தண்ணீர் சொரிந்துகொண்டே இருந்தது.

"வா பாவாயி, ஊட்டக் கழுவி உடோணும்" என்று கூப்பிட்டுவிட்டு வெள்ளையம்மாள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

பாவாயி நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. தூரத்து நாயனமும் நின்றது. அதன் பிறகு, அவளுக்கு மிகக் கிட்டத்தில், தரையை ஒட்டியிருந்த ஓர் அடிக்கிளை மட்டும் தனியாக ஆடி, தண்ணீரைக் கொட்டிவிட்டு நின்றது.