இப்போதுள்ள நிலையில்

நாடக அரங்கு, இசைப் பள்ளி, ஓவியக் கூடம் என்று எங்கே போனாலும் அவருக்கு ஒரே பட்டப்பெயர்தான்: மார்க் மேடம். ஒரு கலை முயற்சி யாருக்குப் போய்ச் சேருகிறது, யார் வாசலோடு நின்றுவிடுகிறார்கள் என்று பார்த்து மதிப்பிட்டுச் சொல்வது அவர் தொழில். அதை எப்படிச் செய்வது என்று பாடமும் எடுப்பார். தமாஷாகப் பேசுவார் என்பதால் தூங்க வந்தவர்கள்கூட விழித்திருந்து கேட்பார்கள்.

அன்று காலை ஒரு நாடக அரங்கின் சிறிய கூடத்தில் அவருடைய பேச்சு. கலையில் சமத்துவமும் தலைமையும் என்பது தலைப்பு. பல குழுக்களின் பொறுப்பாளர்கள் வந்திருந்தார்கள். காது கேளாத பிள்ளைகளுக்கு அதே அரங்கில் நாடகம் சொல்லித்தரும் டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் காது கேட்காது. பேசுவதையெல்லாம் சைகையில் சொல்ல, அவருடைய தங்கை மேடையோரம் நின்றிருந்தாள். மேடம் இருவரையும் பார்த்துக் கையசைத்தார். அந்த வகுப்பை அண்மையில் மதிப்பிட்டு அறிக்கை கொடுத்தவரே அவர்தான்.

அரங்கின் இயக்குநர் வரவேற்றுப் பேச எழுந்தார்.

"மேடம் சொன்னா நாங்க கேட்போம். வெறும் வாய்ப்பேச்சு இல்ல. அவங்க குடுத்த அறிக்கையை வச்சுதான் இப்ப ஒரு முடிவு எடுத்திருக்கோம். காது கேக்காத பிள்ளைங்களோட நாடக வகுப்பை இந்த மாசத்தோட நிறுத்தறோம். தலைமைன்னா சில நேரம் மனசைக் கல்லாக்கிக்கணும். இல்லையா மேடம்?"

தங்கையின் கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டன.

கூடத்தில் இருந்த எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, டீச்சரைத் தவிர. அவர் புருவத்தை உயர்த்தி, 'என்னடி, என்ன சொன்னார்?' என்பதுபோல் தங்கையைப் பார்த்தார். தங்கை சின்னச் சின்ன அசைவுகளில் சொல்லி முடித்தாள்.

டீச்சரின் முகம் வெளிறிப்போனது. அவர் இயக்குநர் பக்கம் திரும்பவே இல்லை. மேடத்தையே பார்த்தார்.

"நான் அப்படி எழுதலையே சார்" என்றார் மேடம்.

"எழுதியிருக்கீங்களே. 'இப்போதுள்ள நிலையில் இந்த வகுப்பு தொடர முடியாது.' உங்க வாசகம்தான் மேடம்."

அது அவர் எழுதிய வாசகமேதான். அதற்கு அடுத்த வரிகளும் அவர் எழுதியவைதான். கீழ்த்தளத்துச் சாமான் அறையில் கையும் முகமும் தெரியாத வெளிச்சத்தில் வகுப்பு நடக்கிறது. மேல்மாடி ஒத்திகை அறைக்கு மாற்றலாம். பெரியவர்களின் ஒத்திகைக்காக வகுப்பைத் தள்ளிப் போடுவதால்தான் பிள்ளைகள் குறைகிறார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, யார் மனமும் நோகாதபடி 'பரிசீலிக்கலாம்' என்று முடித்திருந்தார். இப்போது அதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார்.

"பரிசீலிச்சோம் மேடம். இடமில்ல" என்றார் இயக்குநர்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

மேடம் தன் மடிக்கணினியை மூடினார். "என் பேச்சு கிடக்கட்டும். டீச்சர், நீங்க மேடைக்கு வாங்க. நீங்க பேசுங்க."

டீச்சர் எழுந்தார். ஆனால் மேடைக்கு வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கைகளை வீசிப் பேசினார். தங்கை அதைக் குரலாக்கினாள்.

"இப்பதான் என்னைக் கேக்கணும்னு தோணுச்சா? வகுப்புக்கு வந்தீங்க. நான் உங்க எதிர்லதான் உட்கார்ந்திருந்தேன். நீங்க என் தங்கச்சியைப் பார்த்து, 'அவங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க'ன்னு சொன்னீங்க. கடைசி வரைக்கும் என் முகத்தைப் பாக்கல. என்னைக் கேட்டிருந்தா, வெளிச்சம் வேணும்னு ஒரே வார்த்தைல சொல்லியிருப்பேன். நீங்க பக்கம் பக்கமா எழுதினீங்க. அவர் தனக்கு வேண்டிய ஒரு வரியை உருவிக்கிட்டாரு."

குரல் எங்கிருந்து வந்ததோ அங்கேதான் மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். அதாவது, இப்போதும் தங்கையை. அது உறைத்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருடக்கணக்காக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், தன் கழுத்துக்கே ஏறவில்லை. கழுத்தைத் திருப்பி டீச்சரின் கண்களைப் பார்த்தார்.

"மன்னிச்சிருங்க. இப்ப நான் என்ன செய்யணும்?"

"எல்லாரையும் கீழ கூட்டிட்டு வாங்க."

உடைந்த சிம்மாசனங்களும் அட்டைக் குதிரைத் தலைகளும் அடைத்துக் கிடந்த அறைக்குள் எல்லோரும் இறங்கி நின்றார்கள். டீச்சர் குழல்விளக்கைப் போட்டார். அது கண்சிமிட்டிக் கண்சிமிட்டி எரிந்தது. அவர் சைகையில் வகுப்பை ஆரம்பித்தார். தங்கை வாயே திறக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் பின்னால் நின்ற ஒரு குழுத்தலைவர். இன்னொருவர் குதிரைத் தலையில் இடித்துக்கொண்டார்.

வாசற்படியில் நின்ற இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்போதும் தெரியவில்லை போலும். "இவ்வளவு மோசமா இருக்கும்னு யாரும் எங்கிட்ட சொல்லலையே" என்றார்.

திரும்ப மேலே ஏறும்போது மேடம் தங்கையின் கையைப் பிடித்து, "ரொம்ப தைரியமா பேசினேம்மா" என்றார்.

"அது அக்கா பேசினது மேடம். நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல" என்று சொல்லிவிட்டு அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

வகுப்பு நிற்கவில்லை. அரங்கின் நிர்வாகக் குழு கூடி, அதை மேல்மாடிக்கு மாற்றியது. குழுவில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். அதற்கு மட்டும் இன்னும் இழுத்தடிக்கிறார்கள். விலகிப்போன பிள்ளைகளில் பாதிப்பேர் திரும்பவில்லை. மேடம் பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்று, டீச்சரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து புதிதாக எழுதினார். டீச்சர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. 'பரிசீலிக்கலாம்' வந்த இடத்திலெல்லாம் பேனாவால் ஒரு கோடு கிழித்துக்கொண்டே போனார்.