பரபரப்பைத் தவிர்க்கவும்

1

உலக இலக்கியம் இத்தனை காலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த அறிவிப்பு இது. தயவுசெய்து எல்லோரும் எழுந்து நிற்கவும். காதலுக்கும் போருக்கும் மரணத்துக்கும் கடவுளுக்கும் கதைகள் எழுதியாயிற்று. மனித உடலில் கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே, அதன் சொந்தக்காரரே நேரில் பார்த்திராத ஒரு பிரதேசத்தின் சார்பில் முதல் கதை இங்கே தொடங்குகிறது.

நின்றவர்கள் உட்காரலாம். சட்டென்று வேண்டாம். பிடித்துக்கொள்ளும்.

இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை மழைநாளில் ஜன்னல் வழியாக வருமாம். எனக்குப் போன் வழியாக வந்தது. பேசியது அக்கா.

"டேய், உங்க அத்தான்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நீதான் சொல்லணும்."

"ஏன், நீ சொன்னா என்ன?"

"நான் சொன்னா பட்டுனு போட்டு உடைச்சுடுவேன். நீ கதை எழுதுறவன். ஒரு வரியில சொல்ல வேண்டியதை ஒன்பது பக்கத்துக்கு இழுப்ப. அந்த மாதிரி ஆள்தான் இதுக்கு வேணும்."

என் எழுத்தைப் பற்றி இதுவரை வந்த விமர்சனங்களில் இதுவே கூர்மையானது.

ஆகவே நீங்கள் படித்துக்கொண்டிருப்பது கதையா, அத்தானிடம் விஷயத்தைச் சொல்வதற்கான ஒத்திகையா என்று எனக்கே தெளிவில்லை. இரண்டும் ஒரே தாளில் நடக்கின்றன.

2

முதல் தொடக்கம்:

"மழை பெய்து ஓய்ந்திருந்த அந்தக் காலையில், வாழ்க்கையைப் பற்றி யோசித்தபடி அவர்—"

மழை பெய்யவில்லை. அவர் யோசிக்கவும் இல்லை, பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் தொடக்கம்:

"வலி என்பது என்ன? வலி என்பது உடல் தன்னோடு தானே நடத்தும் மௌன உரையாடலின்—"

இதை எழுதும்போதே பாராட்டுக்காக மேடையில் உட்கார்ந்திருப்பவனைப் போல என் முதுகு தானாக நிமிர்ந்தது. அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்:

"அத்தான், உக்காருங்க. ஒரு விஷயம்."

இது கதைக்கும் ஆகும், நேரில் சொல்லவும் ஆகும். சிக்கல் என்னவென்றால், 'ஒரு விஷயம்' என்று கேட்டதுமே அத்தான் படுத்துவிடுவார். மிச்சத்தை அவர் முதுகுக்குத் தைலம் தடவிக்கொண்டேதான் சொல்ல வேண்டியிருக்கும்.

(எல்லாத் தொடக்கங்களும் விஷயத்தைத் தள்ளிப்போடும் வழிகள்தான் என்று இந்த இடத்தில் ஒரு கட்டுரையாளர் எழுதுவார். நானும் எழுதிவிட்டேன். மேலே போவோம்.)

3

அத்தான் லிப்டுகளைச் சோதித்து, மனிதர்கள் ஏறலாம் என்று சான்று கொடுக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பவள். மைதானத்தின் இந்த முனையில் அவள் குரல் கொடுத்தால் அந்த முனையில் சைக்கிளில் போகிறவர் இறங்கி நிற்பார். தன்னைத்தான் ஏதோ கேட்கிறாள் என்று நினைத்து.

அத்தானுக்கு முதன்முதலில் முதுகு பிடித்தது அக்காவின் அணி இறுதி ஆட்டத்தில் ஜெயித்த அன்று. கடைசிப் பந்து வளையத்தைச் சுற்றிச் சுற்றி யோசித்து உள்ளே விழுந்தது. அத்தான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். கை இறங்கவில்லை, வாய் மூடவில்லை. எதிரணிப் பெண்களின் பெற்றோர்தான் அவரை ஒரு பலகை மாதிரி தூக்கி வந்து தரையில் கிடத்தினார்கள். கோப்பையோடு ஓடி வந்த அக்கா, தரையில் கிடந்தவரைப் பார்த்து அதைக் கீழே வைத்தாள்.

அதன் பிறகு எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தம், நரம்பு. எல்லாவற்றிலும் ஒன்றும் இல்லை. டாக்டர்கள் அதைச் சந்தோஷச் செய்தி போலச் சொன்னார்கள். 'ஒன்றும் இல்லை' என்பதைவிடக் கெட்ட நோய் கிடையாது. அதற்கு மருந்து இல்லை, லீவு இல்லை, சொந்தக்காரர்களிடம் மரியாதையும் இல்லை.

வலி மட்டும் இருந்தது. இதயம் எப்போதெல்லாம் ஓடத் தொடங்குகிறதோ அப்போதெல்லாம் வந்தது. கோபம், பயம், சந்தோஷம் எதற்கும் பாரபட்சம் காட்டவில்லை. பீரோவை நகர்த்தினால் வலிக்காது. பீரோ நகருமா நகராதா என்று யாராவது பந்தயம் கட்டினால் வலிக்கும்.

(அடிக்குறிப்பு போன்ற ஒன்று: ஆள் நடிக்கிறார் என்றால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்; நடிப்பவர்களைப் பத்திரிகையில் கிழிப்பதுதான் என் தொழிலே. ஆனால் ஒரு நாள் வாசல் மணி அடித்ததும் அவர் முகம் சாம்பல் நிறமானதையும், மேலுதட்டில் வியர்வை துளிர்த்ததையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதை யாராலும் நடிக்க முடியாது. ஒரு நல்ல கட்டுரை வீணானது.)

கடைசியாகப் பார்த்த டாக்டர் மருந்துச் சீட்டில் மருந்தே எழுதவில்லை. எழுதியது இரண்டு சொற்கள். அதைத்தான் தலைப்பில் பார்த்தீர்கள்.

4

தமிழில் முதுகுக்கு நடப்பதெல்லாம் அடுத்தவர் செய்வதுதான். முதுகில் குத்துவார்கள், தட்டிக்கொடுப்பார்கள், சொறிவார்கள், முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். சொந்தக்காரர் அதை வைத்துச் செய்யக்கூடிய ஒரே காரியம், திருப்பிக் காட்டிவிட்டுப் போவது.

அத்தான் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்தார். வீடுதான் அவரைச் சுற்றி மாறியது.

செய்தி எதுவானாலும் நடந்து முடிந்து, ஆறி, ஓரமெல்லாம் மழுங்கிய பிறகே அவரிடம் போகும். மகனுக்கு வேலை போனது, புது வேலை கிடைத்த பிறகு சொல்லப்பட்டது. மகன் பைக்கிலிருந்து விழுந்தது, கட்டுப் பிரித்த பிறகு. அக்காவின் அணி ஜெயித்து வந்தால் உரையாடல் இப்படி இருக்கும்:

"ஆட்டம் என்ன ஆச்சு?"

"ம். ஏதோ ஆடுனாங்க."

"ஜெயிச்சாங்களா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன். சாப்பிடலாமா?"

மைதானத்தையே அதட்டிய குரல் நூலகக் குரலானது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் வந்தது. டெலிபோன் மடித்த துணிமேல் உட்கார்ந்தது. உறவுக்காரர்கள் அத்தானை ஞானி என்றார்கள். "எவ்வளவு பக்குவமான மனுஷன், எதுக்கும் அலட்டிக்க மாட்டார்." ஓய்வு பெற்றோர் சங்கம் ஒன்று 'அமைதியே ஆனந்தம்' என்ற தலைப்பில் பேச அவரை அழைத்தது. அழைப்பைப் படித்ததில் ஏற்பட்ட கிளர்ச்சியில் முதுகு பிடித்துக்கொண்டு அவர் போகவில்லை.

(அத்தான் என்ற பாத்திரத்தின் மீது எனக்கு நம்பிக்கை குறைகிறது. ரொம்பவும் சாதுவாக இருக்கிறார். இவரை எந்த ஓரத்தில் பிடித்துக் கிழிப்பது? ஒரு கெட்ட குணம் வைக்கலாமா என்று பார்த்தேன். இல்லாததை வைத்தால் அக்கா கண்டுபிடித்துவிடுவாள்.)

5

விஷயம் என்ன என்று இன்னும் சொல்லவில்லை. மைதானத்துக்குப் பக்கத்து டீக்கடையில் அக்கா எனக்குச் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

"ஒரு டீம் கூப்பிடுது. வேற ஊர். ஹாஸ்டல்லயே ரூம் தர்றாங்க. போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் இல்ல."

"அத்தான் மேல கோபமாக்கா?"

"கோபப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்டா. அந்த வீட்டுல கோபப்படவும் முடியாதே. சண்டை போட்டா அவருக்கு வலிக்கும். சந்தோஷமா போய் நின்னாலும் வலிக்கும். வாசல்லயே நின்னு மூஞ்சியைச் சரி பண்ணிட்டுத்தான் உள்ள போறேன். அன்னிக்கு ஒரு தட்டு கை நழுவி விழுந்துச்சு. உடையக்கூட இல்ல. எனக்கு உடம்பே நடுங்கிடுச்சு. ஒரு தட்டுக்கு நடுங்குறவளா ஆயிட்டேன் பாரு."

"அவரையும் கூட்டிட்டுப் போயேன்."

"ஒரே ஒரு மாட்சுக்கு வாங்கன்னு கேட்டேன். அவர் முதுகுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி பொண்ணும் சொல்லுச்சு, ஒதுங்க ஒதுங்கத்தான் உடம்பு இன்னும் பயந்துக்கும், கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்கன்னு. 'ஆகட்டும், பார்க்கலாம்'னார். அதோட அங்க போறதையே விட்டுட்டார். அந்தப் பொண்ணு வேகமா பேசுதாம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலைல கிளம்பிடுவேன். கிளம்புன பிறகு நீ போய்ச் சொல்லு. சாயங்காலம் அங்க கையெழுத்து. அதுக்குள்ள அவருக்கு வலி வந்து படுத்துட்டார்னா எனக்கு ஒரு போன் போடு. எங்க இருந்தாலும் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிடறேன். படுத்துக் கிடக்கிற மனுஷனை விட்டுட்டுப் போய் விசில் ஊத என்னால முடியாது."

"வலி வரலைன்னா?"

"வரலைன்னா எதுக்குடா போன்?"

6

வாசகர் கணக்குப் போட்டிருப்பார். நானும் போட்டேன். வாசல் மணிக்கே படுத்துவிடுகிறவர், பெண்டாட்டி போய்விட்டாள் என்றால் என்ன ஆவார்? அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்கே திரும்பிவிடுவாள். ஒரு வெந்நீர்ப் பை வாங்கிக்கொண்டு போனேன்.

அத்தான் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். பஸ் கட்டணம் ஏறிப்போனதைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பிறகு வெயில். பிறகு பெண்கள் விளையாட்டுக்குச் சமூகத்தில் கிடைத்துவரும் அங்கீகாரம். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் மூச்சு வாங்கிய இடத்தில் கேட்டார்:

"மாப்ள, அவ போயிட்டாளா?"

"யார் சொன்னா?"

"எனக்கு யாரு எதைச் சொல்றா? காலைல வாசக்கதவை டமால்னு சாத்திட்டுப் போனா. அவ கதவு சாத்துற சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு." கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். "நல்லா இருந்துச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். ஊர், ஹாஸ்டல், கையெழுத்து. வலி வந்தால் போன் போட வேண்டும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லக் கூடாது என்று அக்கா சொல்லவில்லை.

அத்தான் சட்டைப்பையில் சாவியைத் தேடுவது போல முதுகில் ஒரு கையை வைத்தார்.

"வரும்," என்றார். "சில சமயம் கொஞ்சம் லேட்டாகும்."

வெந்நீரை நிரப்பிக்கொண்டு வந்தேன். காத்திருந்தோம். வெந்நீர் ஆறியது.

"டிவியைப் போடேன். ஏதாவது மாட்ச் இருக்கும்."

போட்டேன். நல்ல வேளையாக இழுபறி ஆட்டம். சத்தத்தை முழுசாக வைத்தேன். அந்த வீட்டின் சுவர்கள் அப்படி ஒரு கூச்சலை மறந்தே போயிருந்தன. அத்தான் வானிலை அறிக்கை கேட்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் ஜெயிக்கணும்னு நினைக்கறதுன்னே தெரியல மாப்ள. பழக்கம் விட்டுப்போச்சு."

டிவியை அணைத்தேன்.

"என்னைத் திட்டு," என்றார்.

"என்ன அத்தான்?"

"பத்திரிகையில ஊரையே கிழிக்கிறியே. என்னைக் கிழி. ரத்தம் ஏறுதா பார்ப்போம்."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகச் சுலபமான வேலை. முதல் வாக்கியத்தைத் தொடங்கினேன். "நீங்க அந்த டாக்டர் எழுதுன சீட்டை ஒரு வீடு மாதிரி கட்டி, அதுக்குள்ள எங்க அக்காவையும் வச்சுப் பூட்டி—"

முடிக்க முடியவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் சொல்ற. மேல சொல்லு."

மேலே என்ன சொல்வது? ஒப்புக்கொண்டே உட்கார்ந்திருக்கிற மனிதரை எங்கே குத்துவது? போனைக் கையில் எடுத்தேன்.

"வலிக்குதுன்னே சொல்லிடறேன் அத்தான். பாதி வழிதான் போயிருப்பா."

அவர் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அவரை ஞானியாக்க நான் விரும்பவில்லை. ரொம்ப நேரம் போனையே பார்த்தார்.

"நல்லா ஓடுற லிப்டுல கோளாறுன்னு எழுதி நிறுத்திட்டா, மேல மாட்டினவங்க எப்படிடா இறங்குவாங்க?"

போனை வைத்தேன்.

"இரு," என்றார். "இன்னும் சாயங்காலம் ஆகலையே."

7

முடிவுகள்.

(அ) வெயில் தாழும் நேரத்தில், உள்ளே தண்ணீர் குடிக்கப் போகும்போது, வலி வருகிறது. அத்தான் அலறுகிறார், அது கேட்பதற்குச் சிரிப்புப் போலவே இருக்கிறது. நான் போன் போடுகிறேன். அக்கா பெயர் தெரியாத ஒரு ஊரில் இறங்குகிறாள். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "என்னங்க" என்கிறாள். குடும்பம் காப்பாற்றப்பட்டது. பத்திரிகைகள் இதை விரும்பும். ஒரே குறை, இதில் யாரும் பிழைக்கவில்லை.

(ஆ) அவர் சொல்வதைக் கேட்காமல் நான் பொய்யாகப் போன் போடுகிறேன். அக்கா வருகிறாள். காலைப் பிடித்துக்கொண்டு சுருளும் ஆட்டக்காரிகளில் யாருக்கு நிஜமான வலி, யாருக்குத் தோல்வி பயம் என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள் அவள். வாசலிலிருந்து ஒரு பார்வை பார்க்கிறாள். பையைக் கீழே வைக்காமல் திரும்புகிறாள்.

(இ) அத்தான் செருப்பைப் போடுகிறார். அடுத்த பஸ்ஸில் அந்த ஊருக்குப் போகிறார். மைதானத்தில் யாரோ இரண்டு அணிகள் ஆடுகின்றன. ஓரத்தில் அக்கா விசிலோடு நிற்கிறாள். பந்து வளையத்தில் சுற்றுகிறது. வலித்தாலும் பரவாயில்லை என்று அத்தான் எழுந்து நின்று, வாயைத் திறந்து—

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. பல முறை உட்கார்ந்தேன். அத்தானைக் கத்த வைக்கும் இடம் வந்ததும் எனக்கே நெஞ்சு படபடக்கிறது; நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நடக்கிறேன். முடித்துவிட்டால், அவர் இதைச் செய்யவில்லை என்பதையும் அடுத்த வரியில் எழுத வேண்டியிருக்கும்.

ஆகவே மூன்றையும் உங்கள் முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். வேறு முடிவு இருந்தாலும் சொல்லுங்கள். அத்தான் கண்ணை மூடி, ஆறிப்போன வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விருந்தாளியை எதிர்பார்ப்பவர் போலக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். நேரம் இருக்கிறது. அவசரமில்லாமல் யோசியுங்கள்.

சாயங்காலம் ஆனது. வலி வரவில்லை.