மொழிபெயர்ப்பாளர் பெயர்: அஜித்தா

அஜித்தா கடிதத்தை மூன்றாம் தடவை வாசித்தபோதும் அது அதையேதான் சொன்னது.

உளச்சிகிச்சையாளர்களைப் பதிவு செய்யும் சபை கொழும்பிலிருந்து சிங்களத்தில் அனுப்பியிருந்த கடிதம் அது. பதிவுக்குப் பட்டம் வேண்டும். பட்டத்துக்குப் பிறகு, பதிவுபெற்ற ஒருவரின் மேற்பார்வையில் அறுநூறு மணித்தியாலம் நோயாளருடன் வேலை செய்திருக்க வேண்டும். பட்டம் அவளிடம் இருந்தது. அறுநூறு மணித்தியாலமும் இருந்தது. சிலாபத்துக்கு வடக்கே ஒரு கரையோர ஆஸ்பத்திரியின் மூலை அறையில், சம்பளம் இல்லாமல், இரண்டு வருஷம் உடல் முறிய உழைத்துச் சேர்த்தவை. சபை என்ன சொல்கிறதென்றால், அந்த அறுநூறு மணித்தியாலமும் அவள் வெறும் மொழிபெயர்ப்பாளராம். இணைத்திருக்கும் படிவத்தில் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், பாதியை 'அவதானிப்பு' என்று ஏற்று, இந்த வருஷமே தற்காலிகப் பதிவு தருவார்களாம். பதிவு இருந்தால்தான் அதே ஆஸ்பத்திரியில் காலியாகக் கிடக்கும் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். கையெழுத்துப் போடாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர். எட்டு வருஷம் கண்விழித்துப் படித்த படிப்புக்கு எவ்வளவு அழகான பெயர்!

எல்லாம் அமர்வுகளைப் பதியும் ஒரு தாளில் தொடங்கியது. அவளுடைய மேற்பார்வையாளர் நிலந்தி பெர்னாண்டோ மேடம் சிலாபத்துக்காரி. அந்தக் கரையின் பல குடும்பங்களைப் போல அவருடைய குடும்பமும் ஒரு காலத்தில் தமிழ்தான் பேசியது. இப்போது வீட்டில் சிங்களம்தான். தமிழில் மிச்சம் இருப்பது 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் மட்டும். அதையும் பொருள் தெரியாமல் மனப்பாடமாகச் சொல்லுவார். வருகிற நோயாளர்களோ உடப்பிலும் கற்பிட்டியிலுமிருந்து வரும் தமிழ்ச் சனம். மேற்பார்வையாளருக்குத் தெரியாத மொழியில் அமர்வு நடந்தால் தாளில் ஒரு மொழிபெயர்ப்பாளரின் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அமர்வு செல்லாது. ஆஸ்பத்திரியில் அப்படி ஒருவரைத் தேடினால் மருந்துக்கும் கிடையாது.

முதல் நாள் மேடம் பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு, "உன்ட பேரைப் போடுறன் நங்கி, சும்மா இடத்தை நிரப்பத்தானே" என்றார். நங்கி என்றால் தங்கச்சி, பாசத்துக்குக் குறைவில்லை. சிகிச்சையாளரே மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கக்கூடாது என்பதால், சிகிச்சையாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டார். அஜித்தா கீழே கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளும் அப்படியே. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

இப்போது அவள் கடிதத்தை மேடத்தின் மேசையில் போட்டாள். இருவரும் எப்போதும் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

"கையெழுத்தைப் போடு நங்கி" என்றார் மேடம் வாசித்துவிட்டு. "பாதியாவது தப்பும்."

"நான் மொழிபெயர்ப்பாளரா மேடம்?"

"தாளில அப்பிடித்தானே இருக்கு."

"மாத்தி எழுதிக் குடுங்க."

மேடத்தின் முகம் வெளுத்தது. "மாத்தினா, விளங்காத அமர்வுகளுக்கு நான் ரெண்டு வருஷம் கையெழுத்துப் போட்டன் எண்டு ஆகும். என்ட பதிவையும் பறிச்சிடுவாங்க."

"சரி மேடம். அப்ப தாளில இருக்கிறபடியே இண்டைக்கு வேலை செய்வம்" என்றாள் அஜித்தா.

அன்றைய முதல் ஆள் யோகேஸ்வரன். உடப்பு மீனவர், நாற்பது வயது. ஏழு மாதத்துக்கு முன் அவருடைய போட் கவிழ்ந்து தம்பி கதிரவேலு செத்துப்போனான். அன்றிலிருந்து கடற்கரைப் பக்கமே போவதில்லை. போட் இஞ்சின் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார். ஐந்து மாதமாக அஜித்தாவிடம் வருகிறார். வீட்டுக் கதை, கோயில் கதை, பிள்ளைகளின் கதை எல்லாம் சொல்லிவிட்டார். தண்ணீருக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அன்று சிகிச்சையாளரின் இடத்தில் மேடம் இருந்து சிங்களத்தில் கேட்டார், அஜித்தா தமிழில் சொன்னாள். யோகேஸ்வரன் பதில் சொன்னார், அஜித்தா சிங்களத்தில் சொன்னாள். பயம் பத்துக்கு எத்தனை? நித்திரை வருகிறதா? மருந்துக் குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா? ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை. உப்புச் சப்பில்லாமல் ஒப்பித்தாள்.

"இண்டைக்கு என்ன மிஸ், ஆரோ மாதிரிக் கதைக்கிறீங்க?" என்றார் யோகேஸ்வரன்.

அதையும் சிங்களத்தில் சொன்னாள். மேடம் கதிரையில் நெளிந்தார். வேறு கேள்வி கிடைக்காமல் குளிசையைப் பற்றியே மறுபடி கேட்டார். அதைப் பார்க்க அஜித்தாவுக்கு உள்ளுக்குள் ஒரு கொடூரமான சந்தோஷம்.

யோகேஸ்வரன் எழுந்து இடுப்புச் சாரத்தைச் சரிசெய்துகொண்டார். "சரி, நான் போயிற்று வாறன். இண்டைக்கு எல்லாத்தையும் சொல்லிடுவம் எண்டுதான் வந்தனான். பரவாயில்ல."

அந்தச் சந்தோஷம் அதே இடத்தில் செத்தது. யார்மீதோ இருக்கிற ஆத்திரத்தை இந்த மனிதனின் தலையில் அல்லவா இறக்கிக்கொண்டிருக்கிறாள்! வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"அண்ணே, இருங்க" என்றாள். "பிழை என்னுடையது. இப்ப நான்தான் கேக்கிறன். சொல்லுங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் கவிண்ட போட்டைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தம் மிஸ். அவனுக்குக் கை விறைச்சுப்போச்சு. என்ட கழுத்தைப் பிடிச்சிட்டான். நான் தண்ணிக்குள்ள தாண்டுபோறன். அவன்ட கையைக் கழட்டி விட்டது நான்தான். சனமெல்லாம் கடல் எடுத்திட்டுது எண்டு சொல்லுது. கடல் எடுக்கேல்ல."

"என்ன சொல்றார்?" என்று மேடம் சிங்களத்தில் கேட்டார். அஜித்தா திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

உங்கள் மேல் பிழையில்லை என்று அவள் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் அதைச் சொல்லித்தான் அவர் வாயை அடைத்திருந்தார்கள்.

"கழட்டின பிறகு என்ன செய்தீங்க அண்ணே?"

"தேடினன்."

"எவ்வளவு நேரம்?"

அவர் யோசித்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. "பொழுது படுமட்டும்" என்றார். "போட்டை விட்டிட்டுப் போய்ப் போய்த் தேடினன் மிஸ். பொழுது படுமட்டும் தேடினன்." பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அஜித்தா அழவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கு வருவதாகச் சொல்லி அவர் போனபின், அஜித்தா வெள்ளைத்தாள் எடுத்துச் சபைக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். தமிழில் எழுதினாள். எழுத எழுத ஆத்திரம் தீரவில்லை, எழுத்துத்தான் பெரிதாகிக்கொண்டு போனது.

"தமிழில எழுதினா அங்க ஆர் வாசிக்கிறது?" என்றார் மேடம்.

"ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கட்டும்."

மேடத்தின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பேனையை எடுத்தார். "நானும் கீழ கையெழுத்துப் போடுறன் நங்கி. கொஞ்சமாவது உதவும்."

அஜித்தா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "விளங்காததில போட்டது போதும் மேடம். கேட்டிட்டுப் போடுங்க."

வரி வரியாகச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினாள். மேடம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசிப் பந்தியில் இப்படி இருந்தது: 'இந்த அமர்வுகள் எல்லாவற்றையும் நடத்தியது நான். மேற்பார்வையாளருக்கு அவற்றில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அது அவருக்கும் தெரியும்.'

பேனை தாளுக்கு மேலே நின்றது. பிறகு மேடம் அதை மூடிக் கைப்பையில் வைத்தார்.

"எனக்கு ரெண்டு பிள்ளைகள் நங்கி" என்றார்.

"தெரியும் மேடம்."

அஜித்தா தன் பெயரை மட்டும் எழுதினாள். சபையின் படிவத்தை வெறுமையாகவே கடிதத்தோடு உறையில் வைத்து ஒட்டினாள். அறுநூறும் போகும், பதவியும் போகும். அதைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. வாசலில் நின்று திரும்பினாள்.

"செவ்வாய்க்கிழமை யோகேஸ்வரன் அண்ணன் வருவார். நான்தான் சிகிச்சை செய்வன். உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டா, ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்க மேடம்."