அனுமதியில்லாத பக்கம்

அன்று அடித்தது சோளகக் காற்றா, அதற்கு முந்திய காற்றா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. யார் முதலில் அழத் தொடங்கினார்கள் என்பதையும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எது நான் கேட்டது, எது நானாக நிரப்பிக்கொண்டது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. ஆனால் நெடுந்தீவுக் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் கணினி வேலை பார்த்த துஷாந்தி அந்தப் பிற்பகல் மேசையில் கையால் அடித்தது உண்மை. அதை அவளே சொன்னாள்.

தீவில் கைத்தொலைபேசியில் கதைக்கலாம், அதுவும் காற்றைப் பொறுத்தது. படம் ஓடாது. சங்கக் கந்தோரின் கூரைக்கு மேல் புங்குடுதீவுப் பக்கம் பார்த்து உயரமான அன்ரனா ஒன்று நின்றதால் அங்கே மட்டும் இணையம் ஒழுங்காக வந்தது. ஊரவர் ஒருவருக்கு வெளிநாட்டில் செத்தவீடு என்றால் சங்க மண்டபத்தில் திரையைக் கட்டி, கதிரைகளை வரிசையாகப் போட்டு, நேரலையில் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. அங்கே வாய்க்கரிசி போடும் நேரத்தில் இங்கேயும் திரைக்கு முன்னால் விரித்த வாழையிலையில் அரிசி போடுவார்கள். இதை யார் தொடங்கிவைத்தது என்று தெரியாது. செய்யாவிட்டால் மனம் ஆறாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அன்று லண்டனில் எரிக்க இருந்தது சுதனை. அன்னபூரணத்தின் ஒரே மகன். அன்னபூரணம் அதே கந்தோரில் தட்டச்சு வேலை செய்பவள். விசாவுக்கு அலைந்தாள், கிடைக்கவில்லை. அரிசி போடுவது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சியிருந்தது.

முகாமையாளர் வசீகரன் இரண்டு மாதங்களுக்கு முன்பே இணையத்தைப் பூட்டியிருந்தார். படமும் சூதாட்டமும் பார்த்து மாதத்தின் நடுவிலேயே டேட்டா எல்லாம் தீர்ந்துபோகிறது, சங்கத்துக் கடிதம் ஒன்றுகூடப் போகாமல் கிடக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். பொய்யும் இல்லை. சூதாட்டப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தடுத்துப் பார்த்தார். ஒன்றைத் தடுத்தால் வேறு பெயரில் இன்னொன்று வந்தது. கடைசியில் கந்தோருக்கு வேண்டிய சில பக்கங்களை மட்டும் அனுமதித்து மிச்சம் எல்லாவற்றையும் மூடச் சொன்னார். மூடியது துஷாந்தி. களஞ்சியத்தில் வேலை செய்யும் மிரோஜன் கெஞ்சினான் என்று ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்காகத் திறந்துவிட்டதும் அவள்தான். அதைக் கண்டுபிடித்த வசீகரன் ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றி, தன்னோடு வைத்துக்கொண்டார்.

செத்தவீட்டுக்காக வீடியோப் பக்கம் ஒன்றை அவர் முதல்நாளே திறந்துவைத்துவிட்டு, காலை வள்ளத்தில் யாழ்ப்பாணம் போயிருந்தார். ஆனால் சுதனின் மனைவி சயந்தினி மத்தியானம் அனுப்பிய இணைப்பு வேறு. தகனம் செய்யும் இடத்தாருடைய சொந்தப் பக்கம் அது. துஷாந்தி அதை அழுத்தினாள். மண்டபத்துத் திரை வெள்ளையானது. நடுவில் ஒரே வரி: இந்தப் பக்கத்துக்கு அனுமதியில்லை.

"என்ன பிள்ளை, வெள்ளையாக் கிடக்கு?" என்றார் சின்னக்குட்டி. அன்னபூரணத்தின் தமையன், மாடு வளர்ப்பவர்.

"பூட்டிக் கிடக்கு, அண்ணை. வசீகரன் சேர் திறந்தது வேறை பக்கம்."

"செத்தவீட்டுக்கும் பூட்டே? விட்டால் உங்கடை சேர் சுடலைக்கும் கேற் போடுவார்."

"பதிவு இருக்கும் அண்ணை, பிறகு பாக்கலாம்" என்றான் மிரோஜன்.

"பிறகு பாக்கிறதுக்குப் பேர் படம். நீ கிரிக்கெட்டைப் பிறகு பார்."

துஷாந்திக்கு முகம் சுட்டது.

அவள் வசீகரனுக்கு எடுத்தாள், அவருடைய தொலைபேசி அடிக்கவில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வெளிக்கிட்டு நடுக்கடலில் வந்துகொண்டிருப்பார். அவள் பழைய கடவுச்சொல்லை அடித்தாள். அவருடைய மகளின் பெயரை அடித்தாள். சங்கத்தின் பெயரை அடித்தாள். இன்னும் ஒரு முறை பிழைத்தால் அரை மணித்தியாலம் பூட்டிவிடுவேன் என்றது ரவுட்டர்.

"பின்னாலை ஊசி குத்திற ஓட்டை ஒண்டு இருக்கு. குத்தினாப் பாஸ்வேட் அழிஞ்சிடும்" என்று மிரோஜன் காதுக்குள் சொன்னான்.

"குத்தினா அன்ரனா விபரமும் அழிஞ்சிடும். பிறகு ஒண்டும் வராது."

சயந்தினி லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்தாள். குரல் விட்டுவிட்டு வந்தது. "மாமிக்குத் தெரியுதோ? ஐயர் தொடங்கிட்டார். பிந்த ஏலாதாம். எங்களுக்குப் பிறகு இன்னொரு ஆக்கள் வெளியிலை நிக்கினம்."

துஷாந்தி பதில் சொல்லுமுன் தொடர்பு அறுந்தது. அன்னபூரணம் பாயில் இருந்து, வலக்கை நிறைய அரிசியைப் பொத்திக்கொண்டு, அந்த ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைவிட அவள் கத்தியிருக்கலாம் என்று துஷாந்திக்குத் தோன்றியது.

தொலைபேசி அடித்தது. வசீகரன். பின்னால் வள்ளத்து இயந்திரம் இரைந்தது.

"சேர், பாஸ்வேட். இப்ப வேணும். அன்னபூரணம் அக்கான்ரை பக்கம் பூட்டிக் கிடக்கு."

இயந்திரம் மட்டும் கேட்டது.

"சேர்!"

"நாரந்தனை. என்ரை ஊர். பாமினியிலை அடியும்."

"எனக்குப் பாமினி தெரியாது சேர். என்னென்ன எழுத்தெண்டு சொல்லுங்கோ."

"எழுத்து எனக்கும் தெரியாது, துஷாந்தி. விரலுக்குத்தான் தெ—"

அத்தோடு போய்விட்டது.

பாமினி என்பது கந்தோர்களில் முன்பு எல்லோரும் பழகிய தமிழ் விசைமுறை. ஆங்கில எழுத்துப் போட்ட விசையில் தமிழ் எழுத்து ஒளிந்திருக்கும். பழகியவர் விசையைப் பார்ப்பதில்லை. அடிப்பது தமிழ், கணினிக்குள் போவது பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். யாராலும் ஊகிக்க முடியாது என்றுதான் வசீகரன் அப்படி வைத்திருந்தார். துஷாந்தி தொலைபேசியில் தமிழ் எழுதப் பழகியவள். மிரோஜனுக்கு அதுவும் வராது. பாமினி தெரிந்த விரல்கள் அந்த இடத்தில் ஒருத்தியிடம்தான் இருந்தன.

துஷாந்தி எழும்பினாள். மண்டபத்துக்குள் போய்ப் பாயின் ஓரத்தில் குந்தினாள்.

"அக்கா."

அன்னபூரணம் திரும்பவில்லை.

"அக்கா, ஒரு சொல்லு அடிக்கவேணும். பாமினியிலை. நீங்கள்தான் அடிக்கவேணும்."

"விசரே உனக்கு?" என்று சின்னக்குட்டி எழும்பினார். "பெத்தவள் இருக்கிற இருப்பிலை…"

அன்னபூரணம் தமையனைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டச் சொல்வதுபோலத் தலையசைத்தாள். அவர் கைகளை ஏந்தினார். அவள் அரிசியை அதில் கொட்டினாள், ஒரு மணி சிந்தாமல். பிறகு எழுந்து உள்ளே வந்து தன் கதிரையில் இருந்தாள்.

"என்ன சொல்லு?"

"நாரந்தனை."

அடித்தாள். திரையில் எழுத்து வரவில்லை, புள்ளிகள்தான். கடைசி விசைக்கு முன் அவள் விரல் ஒருமுறை நின்றது. விரல் இறங்கியது.

திறந்தது.

துஷாந்தி அந்தப் பக்கத்தின் முகவரியை அனுமதித்தவற்றோடு சேர்த்தாள். சேர்த்ததும் ரவுட்டர் தானாக அணைந்து மீண்டும் எழத் தொடங்கியது. அது அப்படித்தான் செய்யும், அவளுக்குத் தெரியும், தெரிந்தும் மேசையில் கையால் அடித்தாள். சிவப்பு விளக்கு. சிவப்பு. பிறகு மஞ்சள். அன்னபூரணம் மண்டபத்துக்குத் திரும்பி, தமையன் கையிலிருந்த அரிசியை வாங்கி, திரைக்கு முன்னால் நின்றாள்.

படம் வந்தபோது அங்கே அரிசி போட்டு முடித்திருந்தார்கள். இரண்டு பேர் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மணி மணியாக உடைந்த படத்தில் விபூதி பூசிய ஒரு நெற்றி தெரிந்தது, அல்லது வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அன்னபூரணம் அரிசியை இலையில் போட்டாள். மூடி இறங்கியது.

"கண்டனியோ?" என்றார் சின்னக்குட்டி.

"கண்டனான்."

அதற்குப் பிறகுதான் அழுகை தொடங்கியது. அவள் உண்மையில் கண்டாளா என்று துஷாந்தி பல நாள் யோசித்தாள். கேட்கவில்லை. வசீகரன் இறங்குதுறையிலிருந்து ஓடிவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். யாரும் அவரை உள்ளே கூப்பிடவுமில்லை, போகச் சொல்லவுமில்லை.

வசீகரன் கடவுச்சொல்லைத் துஷாந்தியிடம் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் ஊர்காவற்றுறைக்கு மாற்றலாகிப் போனார். மிரோஜன் கட்டாரில் இருக்கிறான். சயந்தினி ஒருமுறை வந்து மாமியோடு ஒரு கிழமை இருந்துவிட்டுப் போனாள். சின்னக்குட்டி மாடுகளை விற்றுவிட்டார். அன்னபூரணம் ஓய்வுபெறும்வரை தட்டச்சு வேலை செய்தாள், இப்போது தமையன் வீட்டில் இருக்கிறாள். துஷாந்தி இன்னும் அதே கந்தோரில் வேலை செய்கிறாள்.