தலைவர் உரை, மோகன ராகத்தில்

இளையோர் கலை நிதியத் தலைவர் ஜெமீலின் வாயிலிருந்து மோகன வர்ணம் வந்த மாதத்தில் கல்முனைச் சந்தையில் பெரிய வெங்காயம் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, கீரி மீன் ஏறியிருந்தது. வர்ணம் முழுதாக வந்தது, சுருதி விலகவில்லை. சாய்ந்தமருது மண்டபத்தில் அன்றிருந்த எல்லோரும் கேட்டார்கள்.

இளையோர் கலை நிதியம் ஆண்டுதோறும் ஒரு சாஸ்திரிய சங்கீதக் கச்சேரி நடத்தி, அதில் சேரும் காசில் வசதியில்லாத பிள்ளைகளுக்கு வாத்தியம் வாங்கிக் கொடுத்துப் பழக்கியது. அவர்களில் ஒருத்தியான முஸ்பிறாவின் வயலின் அப்படித்தான் வந்தது. பழக்குவதற்குப் பாண்டிருப்பிலிருந்து மீனாம்பிகை டீச்சர் வந்தார். நிதியத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதன் கச்சேரியில் இதுவரை யாரும் வாசித்ததில்லை என்பதைத் தவிர. பின்னேரம் அசர் தொழுகை முடியக் கூட்டம் தொடங்கும். பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி, சிறப்பு அதிதி என்று மேடை நிறையும். ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தி மற்றவரை விட்டால் பேரப்பிள்ளைகள் காலம்வரை சலாம் கிடையாது, ஆகவே யாரையும் விடுவதில்லை. போர்த்தப்பட்டவர் பேசாமல் இறங்கினால் போர்த்தியவருக்கு அவமானம், ஆகவே எல்லோரும் பேசுவார்கள். பிள்ளைகள் வயதில் இளையவர்கள், ஆகவே கடைசி. அந்தக் கடைசி வருவதற்குள் அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிடும், மண்டபம் பூட்டப்படும், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புரியாணிப் பார்சல் கிடைக்கும். சங்கீதமே கூடாது என்ற கட்சிக்காரரான அச்சிமுகம்மது ஹாஜியார் ஒவ்வோர் ஆண்டும் முன்வரிசையில் உட்கார்ந்து, ஒழுக்கமான கச்சேரி என்று மெச்சிவிட்டுப் போவார்.

முஸ்பிறா மேடை ஓரத்துப் பாயில் மூன்று கச்சேரிகள் உட்கார்ந்து எழும்பியிருந்தாள். கை விறைத்துவிடக் கூடாது என்பதற்காக, பேச்சு நடக்கும்போது வில்லை நரம்பில் படாமல் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, சத்தமில்லாமல் வர்ணத்தை வாசித்துக்கொண்டிருப்பாள். தலைவர் உரைக்குள் இரண்டு தரம் வாசித்து முடிக்கலாம். அவளுடைய உம்மா றாஹிலா பெண்கள் பக்கத்தில் இருந்து, என்ட மகள் இப்ப வாசிப்பா என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிச் சொல்லிக் களைத்து, போன ஆண்டோடு சொல்வதை விட்டுவிட்டாள். அதுதான் முஸ்பிறாவுக்கு வலித்தது. நாலாம் கச்சேரிக்கு அடுத்த கிழமை அவளுக்கு இருபத்தைந்து முடிகிறது. நிதியத்தின் சட்டப்படி அதற்குமேல் ஒருவர் இளையவர் அல்லர், வயலினை ஒப்படைத்துவிட வேண்டும். தலைவருக்கு அறுபத்தெட்டு. சட்டம் பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

"சேர், இந்தமுற என்னய முதல்ல விடுங்க. இதுக்குப் பொறகு எனக்கு மேட இல்ல," என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"அதெப்படி மகள்? அதிதிமாரு இரிக்கக்குள்ள சின்னப்புள்ளயள முதல்ல விட்டா கோவிச்சிட்டு எழும்பிப் போயிருவாங்க. கடைசியில வாசிக்கலாம், இன்ஷா அல்லாஹ்," என்றார் ஜெமீல். மனிதர் கெட்டவர் இல்லை. மைக்கைக் கண்டால் மட்டும் அவரால் தாங்க முடியாது.

நாலாம் கச்சேரியன்று அதிதிகள் பேசி முடிக்க, ஜெமீல் ஐந்தாவது பொன்னாடையோடு மைக்கைப் பிடித்து "பெருமதிப்புக்குரிய" என்றார். அதற்கடுத்து அவர் வாயிலிருந்து வயலின் கேட்டது. மைக்கார றிபாஸ் வயரைப் பிடுங்கிப் பார்த்தான், வயலின் நிற்கவில்லை. பிரதம அதிதி இது புது மாதிரியான தலைவர் உரை என்று எண்ணிக் கைதட்டினார். பல்லவி போய், அனுபல்லவி போய், சரணத்தில் ஓரிடத்தில் வாத்தியம் கொஞ்சம் அவசரப்பட்டது. பாயில் இருந்த மீனாம்பிகை டீச்சர் நிமிர்ந்தார்.

"புள்ள, அது உன்ட கை. அந்த இடத்தில நீதான் ஓடுவாய்."

நரம்பில் படாமல் அசைத்துக்கொண்டிருந்த வில்லை முஸ்பிறா நிறுத்தினாள். ஜெமீல் நின்றார், திறந்த வாய் திறந்தபடி, ஒரு சொல்லும் வராமல். அவள் வில்லை அசைத்தாள், அவர் தொடர்ந்தார். மூன்று ஆண்டாகத் தொடாமல் வாசித்ததெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்திருந்தது என்று அவளுக்கு விளங்கிற்று. விட்டுவிடு மகள் என்று ஜெமீலின் கண்கள் கெஞ்சின. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. வர்ணத்தை முடித்து, ஒரு கீர்த்தனையை ஆற அமர வாசித்து, இன்னொன்றும் வாசித்தாள். மண்டபம் முழுக்க ஜெமீலைப் பார்த்துக்கொண்டிருக்க, பெண்கள் பக்கத்தில் றாஹிலா மட்டும் பாயைப் பார்த்து, "என்ட மகள்தான் வாசிக்கா," என்று பக்கத்திலிருந்தவளின் தொடையில் தட்டித் தட்டிச் சொன்னாள். இந்தமுறை அழுதுகொண்டே சொன்னாள்.

பாங்கு சொல்லக் கூட்டம் கலைந்தது. நரம்பில் வில் படவேயில்லை, நடந்தது தலைவர் உரைதான், அதில் பிழை காண முடியாது என்று அச்சிமுகம்மது ஹாஜியார் வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார். தலைவர் சிறப்பாக உரையாற்றினார் என்று பத்திரிகையும் எழுதியது. வீட்டில் ஜெமீல் வழக்கம்போல் கதைத்தார், தேத்தண்ணிக்குச் சீனி போதாது என்றார். கூட்டத்தில் எழும்பினால் மட்டும் வாய் அவருடையதாக இல்லை.

அடுத்த கிழமை முஸ்பிறா வயலினைத் துடைத்து, உறையிலிட்டு, நிதியத்தில் ஒப்படைத்தாள். ஜெமீலை ஒப்படைக்கும்படி யாரும் கேட்கவில்லை. இப்போது அவரைப் பேச அழைப்பவர்கள் முஸ்பிறா வீட்டுக்கும் ஒரு சொல் சொல்லிவிடுகிறார்கள். அவள் மத்தியானச் சோற்றை முடித்து, வலது கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, முன்வரிசையில் உட்காருகிறாள். அவர் மைக்கைப் பிடித்ததும் வெறுங்கையை வில் பிடித்ததுபோல் உயர்த்துகிறாள்.