பெட்டியை மறித்தவர்

எங்கள் பைனார் வீட்டார் தோளில் ஏறிய எந்தச் சவப்பெட்டியும் ஆடாமல் கல்லறைக்குப் போனதில்லை. எங்கள் பரமாரிபோ நகரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்ட ஆட்கள் பெட்டியைச் சுமந்து, பாடிக்கொண்டே சில அடி முன்னே போவார்கள், சில அடி பின்னே வருவார்கள். இறந்தவன் தன் தெருவைப் பிரிய மனமில்லாமல்தான் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் தாத்தாவும் அப்பாவும் அப்படித்தான் தூக்கினார்கள். இப்போது தூக்குகிறவர்களுக்கு முன்னால் கோலைப் பிடித்து நடப்பவன் நான்; நான் கோலைத் தூக்கினால்தான் அவர்கள் அடியெடுத்து வைப்பார்கள்.

சபை மூப்பர் ஹெர்மன் என்னிடம் வந்து, தன் தம்பி மகன் ரூபெனைப் பாட்டில்லாமல், ஆட்டமில்லாமல், பின்தெரு வழியாகக் கொண்டுபோகச் சொன்னார். மினிபஸ் ஓட்டிய பையன். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். வீட்டில் அவன் பெயரைக்கூட யாரும் சொல்லக் கூடாது என்று ஹெர்மன் உத்தரவு போட்டிருந்தார். தம்பி இறந்தபின் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"இப்படிப் போனவனுக்கு ஆட்டம் ஒரு கேடா, எக்பெர்ட்? எங்க குடும்பத்துக்குன்னு ஒரு மானம் இருக்கு."

"எங்க குடும்பத்துக்கும் இருக்கு. நாங்க மனுஷனைத் தூக்குறவங்க. மூட்டை தூக்குறவங்க துறைமுகத்துல இருப்பாங்க, அங்க போய்க் கேளுங்க."

வேறு ஆட்களைப் பார்த்துக்கொள்வதாக மிரட்டினார். பார்க்கலாம் என்றேன். ஆனால் இதை முடிவு செய்ய வேண்டியவர் அவரும் இல்லை, நானும் இல்லை. ரூபெனின் தாய் செலீனாவைப் பார்க்கப் போனேன்.

சாவு வீட்டில் அழாதே என்று சொல்லக் கூடாது. கடவுள் சித்தம் என்றும் சொல்லக் கூடாது. உட்கார வேண்டும். போனவரின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். செலீனாவின் கண்கள் வறண்டிருந்தன. ரூபென் எப்படிப்பட்ட பையன் என்று கேட்டேன். அந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"சும்மா இருக்கத் தெரியாத பையன், அண்ணே. சிக்னல்ல நின்னாக்கூட ஸ்டீயரிங்ல தாளம் போடுவான். பஸ்ல வர்ற கிழவிங்க அதைக் கேட்டுக்கிட்டே எறங்குற எடத்தை விட்டுட்டு இவனைத் திட்டுவாங்க."

சிரித்துவிட்டாள். உடனே பயந்து கதவைப் பார்த்தாள். ஆட்டம் வேண்டுமா என்று கேட்டேன். மூத்தவர் வேண்டாம் என்றுவிட்டதாகச் சொன்னாள்.

"நான் உன்னைத்தான் கேட்டேன்."

கதவிலிருந்து கண்ணை எடுத்து, "ஆடட்டும் அண்ணே," என்றாள்.

ஆட்டமில்லாமல் தூக்கப் பைனார்கள் மறுத்த பெட்டியை ஏற்க ஊரில் வேறு யாரும் முன்வரவில்லை. அடக்கத்தன்று பெரிய தெரு வழியாகவே பாடிக்கொண்டு போனோம். கல்லறை வாசலில் ஹெர்மன் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் ஊரில் குடிகாரன்கூடச் செய்யாத தவறு அது. தோளில் இருக்கும் பெட்டிக்கு எதிரே யாரும் நிற்பதில்லை. பெட்டி யார் முன்னால் நின்றுவிடுகிறதோ, அவரோடு இறந்தவனுக்குப் பேச்சு பாக்கி இருக்கிறது. அவர் பேசாமல் பெட்டி நகராது.

பெட்டி நின்றது. பாட்டும் நின்றது. ஆட்களின் முழங்கால்கள் மெல்ல அசைய, பெட்டியின் முனை அவர் மார்புக்கு நேராக வந்தது.

"உங்ககிட்டதான் ஏதோ கேக்குறான் மூப்பரே, பதில் சொல்லுங்க," என்றாள் மீன்காரி ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் வாய் மூடாதவருக்கு இன்று என்ன வந்தது என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

ஹெர்மன் என்னைப் பார்த்தார். நான் கோலை ஊன்றிக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியது. தூக்கியவர்களின் சட்டைக் காலர் நனைந்தது.

"என்னடா வேணும் உனக்கு?" என்றார் கடைசியில். பெட்டி அசையவில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார்.

"ரூபென்," என்றார். "எங்கிட்ட வந்திருக்கலாமேடா. திட்டியிருப்பேன். ஆனா கதவைத் தெறந்திருப்பேன்."

அதுவரை அழாத செலீனா அலறினாள். அவளை யாரும் அடக்கவில்லை. ஹெர்மன் வழிவிட்டு ஒதுங்கினார். நான் கோலைத் தூக்கினேன். பாட்டு மறுபடி எழுந்தது, பெட்டி ஆடிக்கொண்டே உள்ளே போனது. அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி செலீனாவுக்குப் பக்கத்தில் நடந்தார்.

பைனார் சைகை காட்டித்தான் பெட்டியை நிறுத்தினான் என்று ஹெர்மன் இப்போது சபையில் சொல்லித் திரிகிறாராம். சொல்லட்டும். நிற்கச் சொல்லி நான் சைகை காட்டவில்லை. அந்தத் தாயின் காதில் மகன் பெயர் விழும்வரை, போகச் சொல்லியும் காட்டவில்லை. நாளை வேறு எவன் வந்து மறித்தாலும் அப்படியேதான் நிற்பேன்.